ஈறோரப் பள்ளமும் எங்கள் டப்பாப் பொடியும்

ஈறோரத்தில் பல் தேய்ந்து விழும் பள்ளத்தை எதை வைத்து அடைப்பது என்று இளம் டாக்டர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கேட்கும்போதெல்லாம் பாவாயியின் ஞாபகம் வந்து எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டாம் உலக யுத்தம் ஆரம்பிப்பதற்குச் சற்று முந்தைய காலம். சேலத்தில் ஒரு பல் டாக்டரிடம் நான் உதவி டாக்டராக இருந்தேன். பாவாயி எடப்பாடிக்காரி, தறி நெய்கிறவள். மேல்வரிசைக் கோரைப்பல்லில் ஈறை ஒட்டி, அரம் வைத்து ராவியதுபோல் ஒரு பள்ளம். பச்சைத் தண்ணீர் பட்டாலே துடித்தாள்.

"புடுங்கிப் போடாதீங்க சாமி. அறுந்த இழையை முடிஞ்சு, நுனியை இந்தப் பல்லுலதானுங்க கடிக்கறேன்" என்று கெஞ்சினாள்.

பாதரசம் கலந்த உலோக அடைப்பான அமால்கம் உறுதியானது. ஆனால் அது பிடித்து நிற்க உள்ளே குடைய வேண்டும். பள்ளமோ ஏற்கெனவே நரம்பை நெருங்கியிருந்தது. சிலிகேட் சிமெண்டுக்கு அவ்வளவு குடைய வேண்டாம், பல் நிறத்திலும் இருக்கும். ஆனால் எச்சில் பட்டால் கெட்டுவிடும், அதன் அமிலமும் நரம்புக்கு ஆகாது. அதனால் அடியில் ஜிங்க் சிமெண்ட் பூசி, ஈரம் அண்டாமல் பஞ்சு வைத்து, மேலே சிலிகேட் வைத்தேன். நல்ல வேலை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். பள்ளத்துக்குக் காரணம் அவள் பல் தேய்த்த செங்கல் பொடி; அதை விட்டுவிடச் சொல்லி அனுப்பினேன்.

பொங்கல் கழிந்து கன்னம் வீங்கி வந்து நின்றாள். என் அடைப்பு பாதி தேய்ந்திருந்தது. அதைச் சுற்றிப் பல்லும் தேய்ந்து, நரம்பு செத்துச் சீழ் கட்டியிருந்தது.

"மறுபடி செங்கல் பொடியில தேச்சீங்களா அம்மணி?" என்று கோபமாகவே கேட்டேன்.

"அதை அப்பவே உட்டுட்டனுங்க. இங்க வாங்கின பொடியிலதான் தேய்க்கறேன்."

மடியிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். எங்கள் ஆஸ்பத்திரி பெயர் போட்ட டப்பா. கொஞ்சம் எடுத்து விரலிடையில் வைத்துத் தேய்த்தேன். நறநறவென்றது. நேராக டாக்டரின் அறைக்குப் போனேன்.

"சலிச்ச செங்கல் தூள் கொஞ்சம் சேர்க்கறேம்ப்பா" என்றார் கூசாமல். "மழமழன்னு இருந்தா பல்லு வெளக்கின மாதிரியே இல்லைன்னு ஜனங்க திருப்பிக் கொண்டாந்துடறாங்க."

"பல்லு பள்ளமாப் போகுதே சார்!"

"போனா நாமதானே அடைக்கறோம்?"

சிரித்துக்கொண்டே சொன்னார் அந்த மனுஷன். ஊருக்குள் பெரிய டாக்டர் என்று பெயர் வேறு!

சீழ் பிடித்த பல்லைக் காப்பாற்ற அன்று எங்களிடம் வழியில்லை. என் கையாலேயே பிடுங்கினேன். பஞ்சைக் கடித்துக்கொண்டே பாவாயி கேட்டாள்: "நாந்தான் ஏதாச்சும் தப்பாத் தேச்சுப்புட்டனுங்களா?"

"இல்லைங்க அம்மணி. பொடியில செங்கல் இருக்குது. இங்க யாரும் அதை வாங்காதீங்க" என்று காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். அன்றோடு அங்கே என் வேலை போனது.

சிலிகேட்டா அமால்கமா என்பதெல்லாம் அப்புறம். வந்தவர் எதை வைத்துப் பல் தேய்க்கிறார் என்று கேளுங்கள். அந்தப் பொடியை வாங்கி உங்கள் விரலில் தேய்த்துப் பாருங்கள். நீங்களே விற்ற பொடியென்றால் கட்டாயம் தேய்த்துப் பாருங்கள்.