கெமிஸ்ட்ரி சாருடைய குடை ஏலம் போன கதை

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் செய்திமடலை எழுதுவது நான்தான். யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு கூட்டத்தின் நடுவில் தேநீர் குடிக்க வெளியே போனேன், திரும்பி வந்தபோது செயலாளர் ஆகியிருந்தேன். அன்றிலிருந்து யாருடைய மகள் கனடா போனாள், யார் புது வீட்டில் பால் காய்ச்சினார், யாருக்குப் பேரன் பிறந்தான் என்பதெல்லாம் என் வாட்ஸ்அப்பில் வந்து குவிகிறது. கல்லூரி இப்போது பல்கலைக்கழகம். வாசலில் பலகையை மாற்றிவிட்டார்கள். மேடையில் இருக்கும் மைக்கை மட்டும் மாற்றவில்லை. அது இன்றைக்கும் ஜெபம் தொடங்கியதும் கூவும்.

சென்ற மடலில் எங்கள் கெமிஸ்ட்ரி சார் காலமான செய்தி வந்தது. இடமில்லாததால் ஒரே வரி. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது எங்கள் சங்கத் தலைவரின் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. மடல் அச்சிடும் செலவு அவருடையது என்பதால் அவருடைய முழங்கால் மூட்டைப் பற்றி எட்டு வரி எழுத வேண்டியிருந்தது.

மடல் போய்ச் சேர்ந்ததும் அஞ்சுகிராமத்திலிருந்து சாருடைய மனைவி கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் ஒற்றைப் பிள்ளையையும் 'மக்களே' என்றுதான் அழைப்பார்கள்.

"மக்களே, புக்கு வந்துது. சந்தோசம். சாருக்கு ஒரு வரி போட்டிருக்க."

"ஆமா அம்மா. இடம் இல்லாம..."

"பக்கத்துல முட்டு மாத்துனவருக்கு எட்டு வரி. படமும் உண்டு. ஆளுக்க படம்னாலும் போவட்டு. எக்ஸ்ரே படம்லா போட்டிருக்கு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவர் கோபப்படவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பிள்ளையளு ரெண்டும் வெளிநாட்டுல. அப்பாவப் பத்திப் பேசுனா நான் அழுதிருவேன்னு நினைச்சு பேச்ச மாத்திருவாவ. இங்க வாறவியளும் அப்பிடித்தான், சுகர் எவ்வளவுன்னு கேட்டுட்டுப் போயிருவாவ. அவரப் பத்தி ஆராவது நாலு வார்த்த பேசி ஒருக்கா கேக்கணும் மக்களே. அதுதான் எனக்க ஆசை."

"வருசக் கூட்டத்துக்கு வாங்க அம்மா. எல்லாரும் பேசுவோம்," என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நிகழ்ச்சி நிரலில் சாருக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கினேன். பேசுவதற்கு நாலு பேரைப் பிடித்தும் வைத்தேன். ஆனால் தொடக்க ஜெபத்துக்கு யாரைப் பிடிக்கக் கூடாதோ அவரைப் பிடித்திருந்தோம். எங்கள் வகுப்புத் தோழர், இப்போது ஓய்வுபெற்ற போதகர். நாட்டுக்காக, மழைக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக, கல்ஃபில் வேலை செய்கிறவர்களுக்காக, ரப்பர் விலைக்காக எல்லாம் ஜெபித்துவிட்டு, ஆமென் சொல்வார் என்று நாங்கள் கண்ணைத் திறந்தபோது, "மேலும் ஆண்டவரே" என்று மறுபடியும் தொடங்கினார். அடுத்து சிறப்பு விருந்தினர். அவர் தன் வாழ்க்கையைத் தொட்டிலிலிருந்து ஆரம்பித்தார். அவர் கல்லூரியில் சேர்ந்தபோது எங்களுக்குப் பசித்துவிட்டது.

தலைவர் என் பக்கம் சாய்ந்தார். "செக்ரட்டரி, எல்லாரும் எழும்பி ஒரு நிமிசம் மவுனமா நிப்போம். அது போதும். பிரியாணி ஆறிரும்."

"சார் வீட்டம்மா பஸ் ஏறி வந்திருக்காவ. நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவருடைய புது மூட்டிலேயே ஒன்று வைக்கலாமா என்று நினைத்தேன். எழுந்து நின்றோம். அந்த ஒரு நிமிட மவுனத்திலும் யாருடைய போனோ மீன்காரர் வந்துவிட்டதாகக் கூப்பிட்டது. சாருடைய மனைவி முதல் வரிசையில் நின்று, எல்லாரும் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து ஏலம். எங்கள் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை அன்று காணிக்கையாக வரும் வாழைக்குலை, தேங்காய், சேவல் எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். சின்ன பூசணிக்காய்க்கும் போட்டி போட்டு விலை ஏற்றுவோம். எடுத்தவரே அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வதும் உண்டு. அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியதால், பழைய மாணவர் கூட்டத்திலும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக ஓர் ஏலம் வைப்போம். ஏலம் விடுகிறவர் எங்கள் வகுப்பிலேயே குரல் பெரிதான வாழைக்காய் வியாபாரி. மேசையில் என்ன இருந்தாலும் தூக்கிக் கூவிவிடுவார். ஒரு தடவை தலைவரின் கண்ணாடியையே மூன்று தரம் சொல்லி முடித்துவிட்டார்.

அன்று மட்டி வாழைக்குலை போனது, பலாப்பழம் போனது, சேவல் பறந்து பிடிபட்டுப் போனது. பிறகு அவர் குனிந்து, மேசையில் சாய்த்து வைத்திருந்த ஒரு நீளக் குடையை எடுத்தார். மழையில் வந்த சாருடைய மனைவி, ஈரக்குடையை அங்கே சாய்த்து வைத்ததை நான் பார்த்திருந்தேன். நான் எழும்புவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"லேய், அது நம்ம கெமிஸ்ட்ரி சாருக்க குடையாக்கும்! அம்மா கொண்டு வந்தத நான் கண்டேன்!"

அவ்வளவுதான்.

"சாருக்க குடை! ஒரு தரம்!" என்று வியாபாரி கூவினார்.

தேங்காய்ப்பட்டணத்துக்காரர் ஒருவர், முப்பது வருடம் மஸ்கட்டில் இருந்தவர், கை தூக்கி விலை கேட்டுவிட்டு மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "இந்தக் குடைக்க வளைஞ்ச பிடியிலதான் என்னைய மேட்னி ஷோவுல காலருல மாட்டி இழுத்தாரு. வெளிய கொண்டு போவாருன்னு பாத்தா, இடைவேள வரைக்கும் பக்கத்துல இருந்து படம் பாத்தாரு."

அரங்கம் சிரித்தது. அடுத்து ஓர் அம்மாள், தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், விலையைக் கூட்டினார். "லேப்புல சோடியத்த தண்ணியில போடுற அன்னைக்கு இந்தக் குடைய விரிச்சு அதுக்குப் பின்னால நின்னாரு. எங்கள முன்னால நிறுத்திட்டு 'பயப்படாண்டாம்'னாரு."

பிரியாணியை எல்லாரும் மறந்துபோனார்கள். விலை கேட்பதற்கு முன்பு ஆளுக்கொரு கதை. தாமதமாக வந்தவர்களை வாசலில் ரயில்வே கேட் போல இந்தக் குடையால் மறித்தது, கரும்பலகையில் பென்சீன் வளையத்தைக் குடை நுனியால் தட்டித் தட்டிக் காட்டியது. எனக்கும் நாக்கு சும்மா இருக்கவில்லை. பிடியில் ஒரு கீறல் உண்டு, எங்கள் வகுப்பு மேசையில் அடித்ததால் விழுந்தது என்று மைக்கில் சொன்னேன். அடித்த சத்தம்கூட எனக்குக் காதில் கேட்டது.

கடைசியில் தலைவர் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுந்தார். எல்லாரையும் விட அதிகமாக விலை சொல்லிவிட்டு, மைக்கை வாங்கினார்.

"எனக்க அப்பா செத்தப்போ நான் இங்க ரெண்டாம் வருசம். அடக்கத்துக்கு வாத்தியாரு ஆரும் வரல்ல. சாரு மட்டும் வந்தாரு. கொட்டுற மழையில கல்லறைத் தோட்டத்துல எனக்கு இந்தக் குடைய பிடிச்சிட்டு நின்னாரு. கடைசி ஆளு போற வரைக்கும் நின்னாரு." அவர் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது.

மூன்றாம் தரம் சொல்லிக் குடை அவர் கைக்குப் போனது. எங்கள் வழக்கப்படி அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் ஏலத்துக்கு அல்ல. முதல் வரிசைக்கு நடந்து போய் சாருடைய மனைவியின் கையில் வைத்தார். எல்லாரும் எழுந்து கைதட்டினோம். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

சாப்பிட்ட பிறகு அவரைப் பஸ் ஏற்றிவிட வாசல் வரை போனேன். தூறல் இருந்தது. நான்தான் குடையைப் பிடித்தேன். என் கீறலைத் தேடிப் பிடியைத் தடவியபோது கையில் கண்ணாடித்தாள் சரசரத்தது. கடையில் சுற்றிக் கொடுத்ததை இன்னும் கிழிக்கவே இல்லை.

"போன வாரம் வடசேரியில வாங்குனது," என்றார் அவர். "அவரு ஆயுசுல குடை பிடிச்சது கிடையாது. மழைன்னா நியூஸ் பேப்பர தலையில வச்சிட்டு ஓடி வருவாரு."

"அப்போ சினிமா தியேட்டர்? சோடியம்?"

"படம் பாத்தது உள்ளது. எனக்கிட்ட வந்து கதை சொன்னாரே. சோடியத்துக்கு ஒளிஞ்சது கதவுக்குப் பின்னால."

"தலைவரோட அப்பா அடக்கம்?"

"அதுக்கு நானும் போயிருந்தேன். அன்னைக்கு மழையே இல்ல மக்களே. உச்சி வெயிலு. ரெண்டு பேரும் வெயிலுல நின்னாவ. வீட்டுக்கு வந்து மூணு நாளு தலைவலின்னு படுத்தாரு. ஆனா அந்தப் பையன விட்டுட்டு வரல்ல."

"அம்மா, நீங்க அங்கேயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நிறுத்திருப்பியளே."

அஞ்சுகிராமம் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அடுத்த வருசமும் ஏலம் உண்டும்லா? ஒரு கைத்தடி வாங்கிட்டு வாறேன். மேசையில வச்சிரு."

"சார் கைத்தடி ஊணி நான் பாத்ததே இல்லியே அம்மா."

"அத நீ மைக்குல சொல்லிராத, கேட்டியா," என்று குடையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார்.