எட்டாவது ஜாடி

மூன்று மைக்ரான். ஒரு தலைமுடியை நீளவாக்கில் இருபதாகப் பிளந்தால் ஒரு பிளவு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு. ஆய்வுக்கூடத்தில் மெழுகில் பதித்த சதையை அந்தத் தடிமனில் சீவுவதுதான் அவளுக்குச் சோறு போடும் வேலை. "அங்க முடியைப் பிளக்குற, வீட்ல வெங்காயத்தைக் கட்டை கட்டையா நறுக்குற" என்று வீட்டுக்காரர் குத்திக்காட்டுவார். "அங்க கத்தி நல்ல கத்தி" என்பாள்.

கூடத்தில் அவளுக்குப் பெயர் பளிச். ஒரு சொட்டு மெழுகு மேசையில் இருந்தாலும் சுரண்டிவிட்டுத்தான் உட்காருவாள்.

அன்று காலை முதல் மெழுகு பிளாக்கைச் சீவும் இயந்திரத்தில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினாள். ரிப்பனாக நீள வேண்டிய சீவல் ஓரத்தில் மட்டும் வந்தது; நடுவில் ஓட்டை. தொட்டுப் பார்த்தாள். கொழகொழவென்று அமுங்கியது.

ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றும் தோழி எட்டிப் பார்த்தாள். "என்னடி, வெந்தும் வேகாமயும் இருக்கு? கத்தி மழுங்கிடுச்சா?"

"புதுசு மாத்திட்டேன். மெழுகுச் சூடும் சரியாத்தான் இருக்கு."

அடுத்த இரண்டிலும் அதே கதை. நான்காவதை எடுத்தவள் மாட்டாமல் நிறுத்தினாள். அது ஒரு தையல்காரரின் கழுத்துக் கட்டி. மற்றவர்களின் சதையில் மிச்சத் துண்டுகள் ஃபார்மலின் டப்பாவில் இருந்தன. இவருடையது பட்டாணி அளவு. அறுத்தெடுத்தது மொத்தமும் இந்த ஒரே பிளாக்கில். புற்றா இல்லையா என்று இதுதான் சொல்லியாக வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கொஞ்சம் சதை போய்விடும். அவர் மனைவி வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

பளிச் அந்த பிளாக்கைச் சுற்றாமல் ஐஸ் தட்டில் வைத்துவிட்டு, திசு பதப்படுத்தும் இயந்திரத்திடம் போனாள். இரவு முழுக்க அது சதையை ஜாடி ஜாடியாக முக்கியெடுக்கும். ஆல்கஹால் தண்ணீரை வெளியேற்றும், சைலீன் ஆல்கஹாலை வெளியேற்றும், பிறகு மெழுகு உள்ளே போகும். தண்ணீர் மிஞ்சினால் மெழுகு நுழையாது. ஒன்பதாவது ஜாடியில் சைலீன் மங்கலாக இருந்தது.

எட்டாவது ஜாடி, ஆல்கஹாலில் கடைசி. அதிலிருந்து சில சொட்டுகளைச் சுத்தமான சைலீனில் விட்டாள். பால் போல வெளுத்தது; தண்ணீர் கலந்திருப்பதற்கு அடையாளம். வேறு சைலீனில் கேனில் இருந்த ஆல்கஹாலை விட்டாள். தெளிவாகவே இருந்தது. அப்படியானால் கோளாறு ஜாடியில்தான்.

நேற்று அடியில் கறை பார்த்து, அதில் சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்தது அவளேதான். டாக்டர் கூப்பிட்டார் என்று போனாள். திரும்பி வந்தபோது கால் ஜாடிக்குத் தெளிவாக ஏதோ இருந்தது. தோழி தண்ணீரைக் கொட்டிவிட்டு ஆல்கஹால் ஊற்ற ஆரம்பித்திருக்கிறாள் என்று நினைத்து, மேலே ஆல்கஹால் ஊற்றி நிரப்பினாள்.

"நேத்து எட்டாவதுல நீ ஊத்தினியா?"

"நான் அந்தப் பக்கமே வரலையேடி."

அப்படியானால் அது பளிச் ஊறவைத்த தண்ணீரேதான். மழைக்காலத்து ஈரம் என்று சொன்னால் யாரும் தோண்டித் துருவப் போவதில்லை. ஆனால் டாக்டர் காரணம் தெரியாமல் அந்தச் சதையைச் சீவச் சொன்னால் கட்டி வீணாய்ப் போய்விடும்.

"மேடம், தண்ணி கலந்தது என்னாலதான்" என்றாள் டாக்டரிடம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தையல்காரரோடது?"

"இன்னும் சீவல."

"காப்பாத்த முடியுமா?"

"மெழுகை உருக்கி எடுத்துட்டு, வந்த வழியே திரும்பக் கொண்டு போகணும். சைலீன், புது ஆல்கஹால், மறுபடி முதல்ல இருந்து. நாளைக்குத்தான் தெரியும்."

"அந்தம்மாகிட்ட யார் சொல்றது?"

"நானே சொல்றேன்."

பெஞ்சிலிருந்து அந்த அம்மா எழுந்தார். "வந்துடுச்சாம்மா?"

"இல்லக்கா. என் தப்பால ஒரு நாள் தள்ளிப்போகுது."

"திரும்பவும் கழுத்தை அறுப்பாங்களா?"

"அறுக்கக் கூடாதுன்னுதான் பாடுபடுறோம்" என்றாள். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

அன்றிரவு வீட்டில் வெங்காயம் நறுக்கியது வீட்டுக்காரர்.

மறுநாள் காலை தோழி பின்னால் வந்து நின்றாள். "மூச்சு விடுடி, செத்துகித்துப் போயிடாத." பளிச் தையல்காரரின் பிளாக்கை மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினாள். முதலில் மெழுகு வந்தது, பிறகு ஓரம், பிறகு நடு. ஓட்டை இல்லை. ரிப்பன் நீண்டது. அதை வெந்நீரில் மிதக்கவிட்டாள், சுருக்கமில்லாமல் விரிந்தது. கண்ணாடி ஸ்லைடில் ஏந்தித் தோழியிடம் கொடுத்தாள்.

மதியம் டாக்டர் அந்த ஸ்லைடைப் பார்ப்பார்.