தறிப்பக்கத்து ரேடியோ

வேற்று மதத்தாரை வீட்டில் சேர்க்காதீர்கள் என்று மகளின் போனில் ஓடிய வீடியோவில் ஒருவர் உறுமிக்கொண்டிருந்தார். சிறுவயதில் என்னை நடுங்கவைத்த குரல் நினைவுக்கு வந்தது.

பிள்ளையார்பாளையம் வீட்டில் தறிக்குழிக்குள் காலை இறக்கிவிட்டால் அப்பா எழமாட்டார். ரேடியோவில் எந்த மதத்து நிகழ்ச்சி வந்தாலும் ஓடும். விடியற்காலைக் கிறிஸ்தவப் பிரசங்கத்தில் நரக நெருப்பு எரியும். நான் போர்வைக்குள் சுருண்டுகொள்வேன்.

பின்தெரு ஸ்டெல்லாவிடம் இதைச் சொன்னேன்.

"எனக்கு உங்க எமன்னாதான் பயம். கொதிக்கிற எண்ணெயில ஆளைப் போட்றாராம். சாயங்காலம் ரேடியோல சொன்னாங்க" என்றாள்.

"நீயும் பயந்துக்கினுதான் இருக்கியா?"

கையைக் கோத்துக்கொண்டோம். அந்தக் கை இன்றுவரை விடவில்லை.

வாசல் மணி அடித்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்த மகள் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"ஸ்டெல்லா ஆன்ட்டிம்மா. தெறக்காத, பயமா இருக்குது."