இருதயமேரி கட்டிய கரிப்பைகள்

இருதயமேரியைச் சாது என்று சொல்கிறவர்களுக்கு அவளைத் தெரியாது. உறையூரில் அவள் தெருக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் இருபத்திரண்டு வருஷமாக லேப் அட்டெண்டர். அங்கே எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் என்றாலே வருஷா வருஷம் ஒரே பாட்டுதான்: சாயத்தண்ணீரில் தாவரக் கரியைப் போட்டு நிறத்தை எடுப்பது. ஒரு வருஷம் புளியங்கொட்டை, மறுவருஷம் கொட்டாங்கச்சி, அதற்கும் அடுத்த வருஷம் ஸ்ரீரங்கத்துத் தோப்புகளிலிருந்து வாழைத்தார்க் காம்பு. பேர் வாங்கியது பிள்ளைகள், புகை குடித்தது இவள். காம்பை நறுக்கி, காயவைத்து, அமிலத்தில் ஊறப்போட்டு, மூடிய உலையில் சுட்டு, அமிலம் போகும்வரை கழுவி எடுப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். சாயம் ஏறிய கரியை வீணாக்குவானேன் என்று ஒருமுறை சூடான காஸ்டிக் சோடா தண்ணீரில் போட்டு அலசினாள். கரி பிடித்து வைத்திருந்த சிவப்பில் பாதிக்குமேல் வாளியில் இறங்கிவிட்டது. துறைத் தலைவி கேத்தரின், “கரி சாயத்தைத் தின்னுடாது மேரி, பிடிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான்” என்றாள்.

துறையின் வெள்ளைக் கோட்டுகளை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துவைத்துக் கொடுப்பதும் அவள்தான். போன வருஷம் பிராக்டிகல் பரீட்சைக்கு முதல் நாள், கொடியில் உலர்த்திய நாற்பது கோட்டும் இளஞ்சிவப்பாக நின்றன. பக்கத்துத் தெருவில் சிவசங்கரின் சாயப்பட்டறை. பட்டறைக் கழிவு வாய்க்காலில் விழுந்து, வாய்க்காலிலிருந்து மண்ணில் ஊறி, அவள் கிணற்றுக்கு வந்துவிட்டது. ஒரு கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலுக்கே போய்க் கேட்டாள்.

சிவசங்கர் எதிரே சுராயாவின் மளிகைக்கடையில் நின்றவர்கள் காதில் விழும்படி சிரித்தான்.

“காலேஜ் லேப்லேருந்து திருடிட்டு வந்த கலர் பவுடரைக் கிணத்துல கொட்டிட்டு, என்னைக் கேக்க வந்துட்டீங்களா?”

அதோடு விட்டானா படுபாவி? கல்லூரிக்கு ஒரு கடிதமும் போட்டான். விசாரணை நடந்தது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு கிராம் குறையவில்லை. ஆனால் விசாரணை முடிகிற வரைக்கும், ஒரு மாசம், சாயங்காலம் வெளியே போகும்போது வாட்ச்மேன் அவள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தீப்பெட்டிகூட எடுத்துப் போகாதவள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிணறு போனதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திருடி என்று சொன்ன வாய், அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவன் மண்ணைக் கவ்வ வேண்டும். ஞாயிறு பூசையில் முழங்காலிட்டும் அதையே கேட்டாள். மன்னிக்கிற மனசு வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனுமேல் மனு எழுதினாள். மூன்று தடவை வந்து பார்த்தார்கள். தெருமுனையில் ஜீப் திரும்புவதைக் கண்டதும் பட்டறையில் சாயக்குழாயை மூடி, போர் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். மூன்று தடவையும் பாட்டிலில் பிடித்த தண்ணீர் இளநீர்போல் இருந்தது.

நாலாவது தடவை அவளே அந்த அலுவலகத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் என்ஜினீயர் பானுமதியைப் போய்ப் பார்த்தாள்.

“மேடம், தண்ணி பொய் சொல்லும். நீங்க வர்ற நேரத்துக்கு மாத்தி விட்டுடுவாங்க. என் கரி பதினஞ்சு நாளும் அங்கேயே கிடந்து பாக்கும். நீங்களே சீல் வச்சுக் கட்டுங்க.”

பானுமதி யோசித்துவிட்டு, “ஒரு பை போதாது. குழாய் வாய்க்கால்ல விழற இடத்துக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு கட்டணும். கீழ்ப் பையில மட்டும் சாயம் இருந்தா, அது பட்டறையோடதுதான்” என்றாள்.

இருதயமேரி கேத்தரினிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அமிலத்தைத் தன் காசில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்தி, நாலு கிலோ வாழைக்காம்புக் கரி செய்தாள். இரண்டு வலைப்பைகள். பட்டறைக் குழாய்க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டிலும் பானுமதி ஈயச் சீல் வைத்துவிட்டுப் போனாள்.

சிவசங்கர் வந்து எட்டிப் பார்த்தான்.

“என்னங்க இது?”

“கரிங்க. சாயத்தைப் பிடிச்சுக்கும். உங்ககிட்ட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல. நாங்களே வடிகட்டிக்கிறோம்” என்றாள் இருதயமேரி, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

அவனுக்கு ஒரே குஷி. “பாத்தீங்களா, வழிக்கு வந்துட்டாங்க” என்று சுராயா கடையில் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தான். அதுதான் வடிகட்டி இருக்கிறதே என்று, அதுவரை ஜீப் வருமோ என்று பயந்து பயந்து விட்ட சாயத்தை இஷ்டத்துக்குத் திறந்துவிட்டான். மளிகைக்கடைத் தராசில் நிறுத்தால் நாலு கிலோ வரும் கரி ஒரு பட்டறையின் சாயத்தை வடிகட்டுமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். இருதயமேரி தினம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். விடு ராஜா, நல்லா விடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் பானுமதி வந்தாள். வழக்கம்போல வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஓடியது. அவள் பாட்டிலையே எடுக்கவில்லை. தெருக்காரர்கள் பார்க்க, சீலை உடைத்து இரண்டு பைகளையும் அவிழ்த்தாள். இரண்டு வெள்ளை வாளிகளில் சூடான காஸ்டிக் சோடா தண்ணீர் தயாராக இருந்தது. மேல் பைக் கரியைப் போட்ட வாளி சும்மா இருந்தது. கீழ் பைக் கரியைப் போட்டது கொஞ்ச நேரத்தில் கோவைப்பழச் சிவப்பாகிவிட்டது. பட்டறை மொட்டைமாடியில் அதே சிவப்பில் நூல் காய்ந்துகொண்டிருந்தது.

“இவங்க லேப்லேருந்து கலர் கொண்டாந்து...” என்று சிவசங்கர் ஆரம்பித்தான்.

“சீல் என்னோடது. நான் கொண்டாந்தேங்கிறீங்களா?” என்றாள் பானுமதி.

அவள் கீழ் பைக் கரியையும் சாயத்தொட்டித் தண்ணீரையும் ஆய்வுக்கு அனுப்பினாள். இரண்டிலும் இருப்பது ஒரே சாயம் என்று பத்து நாளில் முடிவு வந்தது. பட்டறைக்குக் கரண்டைத் துண்டித்து, கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அடுத்த வாரமே சிவசங்கர் அவள் வாசலில் நின்றான். சுத்திகரிப்புத் தொட்டி கட்டினால்தான் திறக்க விடுவார்களாம். ஊரில் இந்தக் கரியைச் செய்யத் தெரிந்தவர் அவள்தானாம்.

“நீங்கதான் கை கொடுக்கணும்க்கா.”

“சுராயா கடைக்கு வாங்க.”

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சிவசங்கர் தரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

“காதுல விழல” என்றாள் இருதயமேரி.

“இவங்க திருடல. நான்தான் பொய் சொன்னேன்” என்று அவன் உரக்கச் சொன்னான். சுராயா சர்க்கரை கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“இப்ப கரி செஞ்சு தருவீங்கல்ல?”

“சொல்லச் சொன்னேன், சொன்னீங்க. தர்றேன்னு நான் எப்பங்க சொன்னேன்?”

அவள் அரைக்கிலோ பருப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குழம்பு வைத்து, ஏழு மாசத்துக்குப் பிறகு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.