ஒன்பது சென்ரிமீற்றர் காற்று

ஸ்குருட்ரைவரின் நுனியை பேரிங் மூடியில் ஊன்றி, மரப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால், அந்தக் காற்றாடியின் வயதும் வருத்தமும் ராஜரத்தினத்துக்குத் தெரிந்துவிடும். "கிரீஸ் பட்டினி" என்பார். இல்லாவிட்டால், "உள்ள ஒரு குண்டு ஒடஞ்சிருச்சுங்க, இன்னும் ரெண்டு வாரந்தான்" என்பார். அவர் சொன்ன கெடுவுக்கு ஒரு நாள் முன்னே பின்னே அது நின்றுபோகும். ஆனால் கொஞ்ச காலமாகவே, மூடிய கண் திறக்க நேரமாயிற்று. பாஸ் உன்னிப்பாகக் கேட்கிறார் என்று சுற்றி நிற்பவர்கள் மரியாதையாக வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். பிறகு பிடி காதிலிருந்து நழுவும். மனிதர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பார்.

கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் அவருக்குக் 'காத்தாடி பாஸ்' என்று பெயர்; கைத்தொழில்காரரை அங்கே 'பாஸ்' என்பார்கள். மேல்மாடியில் கொழுந்து வாட்டும் நீளத் தொட்டிகளுக்கு அடியில் காற்றை ஊதித் தள்ளுகிற ஆளுயரக் காற்றாடிகளைத் திருத்துவது தொழில். பிறந்தது கலஹாவில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில். வயது ஐம்பத்து மூன்று. இப்போது அம்பிட்டியவில் இரண்டு அறை வீடு. அந்த வீட்டில் அவர் இருப்பதுதான் அபூர்வம். திங்கள் கலஹா, புதன் மடுல்கெல்ல, மாதக் கடைசியில் பதுளைப் பக்கம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். போன இடத்தில் தொழிற்சாலைக் காம்பராவில் படுக்கை.

அவருக்கு ஜென்ம விரோதி என்று ஒன்று உண்டென்றால், அது காற்றுக் கசிவு. தொட்டி மூட்டில் மயிரிழை விரிசல் கண்டாலும், சாக்குத் துண்டோ டேப்போ களிமண்ணோ கையில் அகப்பட்டதை வைத்து அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. "ஊதுறதுல பாதி ஓட்டையில போனா கொழுந்து எப்படிங்க வாடும்?" கசிவு தேடுவதற்கென்றே சட்டைப்பையில் ஒரு கோழியிறகு வைத்திருக்கிறார். பஸ்ஸில் முன்சீட்டு ஜன்னல் விளிம்பில்கூட அதைப் பிடித்துப் பார்ப்பார். யாரோ மந்திரக்காரர் என்று எண்ணி, பக்கத்திலிருந்தவர் சீட்டை மாற்றிக்கொண்ட கதையும் உண்டு.

குறட்டை இளமையிலிருந்தே கூடப் பிறந்தது போல வந்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்த வாரம், ஒரு தொழிற்சாலையின் சிங்கள டீமேக்கர் இவரையும் இன்னும் இரண்டு பேரையும் வாட்டுமாடியில் ஒளித்து வைத்தார். கீழே ரோட்டில் ஆட்கள் தடியோடு திரிகிறார்கள். மேலே ராஜரத்தினம் குறட்டை விடுகிறார். எழுப்பி எழுப்பிக் களைத்துப்போன டீமேக்கர் கடைசியில் ஒரு காரியம் செய்தார். கொழுந்தே இல்லாத வெறுந்தொட்டிக்குக் காற்றாடியைப் போட்டு, மூன்று இரவும் ஓடவிட்டார். அந்த இரைச்சலில் குறட்டை அமுங்கிப்போனது. "என் உசுர காப்பாத்துனது ஒரு காத்தாடிங்க" என்று அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இந்த வருஷத் தூக்கம் சிரிக்கிற சங்கதியாக இல்லை. தை மாதம் மடுல்கெல்லத் தொழிற்சாலையில், ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்தார். பக்கத்தில் நின்றவர் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் கை போயிருக்கும். தோட்டத் துரை தனியே கூப்பிட்டு, "குடிச்சிட்டு இனிமே இஸ்டோருக்குள்ள வராதீங்க பாஸ்" என்றார். ராஜரத்தினம் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவர் அல்ல. பஸ்ஸேறி வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து, கால் கழுவாமலேயே தூங்கிப்போனார்.

அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனது மனைவி பரிமளம். "இவரு மூச்சு நின்னு போகுதுங்க டாக்டர். நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு நாள் இருவத்தெட்டு வரைக்கும் எண்ணினேன், அப்பறந்தான் திரும்ப வந்துச்சு." டாக்டர் லீலாதேவி யாழ்ப்பாணத்து மனுஷி, வார்த்தையை அளந்து பேசுகிறவர். ஓர் இரவு வயர்களை ஒட்டிப் படுக்க வைத்துச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "ஓம், அவ சொன்னது சரி. நித்திரையில தொண்டை அடைபட்டு மூச்சு நிண்டு போகுது. மணித்தியாலத்துக்கு நாப்பது தரம். பேந்து பகல்ல நித்திரை வராமல் என்ன செய்யும்? மூக்கில மாஸ்க்கைப் போட்டு, ஒரு மெசினாலை காத்தை ஊதி அந்த வழியைத் திறந்து வைக்க வேணும். அது இல்லாமல் ஒரு இரவும் படுக்கப்படாது."

"எம்புட்டு காத்துங்க?"

"உங்களுக்கு ஒன்பது. சென்ரிமீற்றர் தண்ணி எண்டு ஒரு கணக்கு, அது உங்களுக்கு..."

விளங்காது என்று சொல்ல வந்தவர் நிறுத்திவிட்டார். காலமெல்லாம் காற்றாடியின் வலுவை, அது குழாய்த் தண்ணீரை ஏற்றும் உயரத்தால் அளந்தவரின் முகம் கலியாண வீட்டுக்காரர் முகம்போல் மலர்ந்திருந்தது. "தெரியுங்களே! தண்ணி ஒன்பது ஏறணும்."

முதலில் ஆஸ்பத்திரியில் இரவலாக ஒரு பெரிய மெஷின் கொடுத்தார்கள். சின்னச் சூட்கேஸ் அளவு. அதோடு காற்றை ஈரமாக்கத் தண்ணீர்ப் பெட்டி வேறு. பதினொரு நாள் ராஜரத்தினம் பிறந்த குழந்தை மாதிரித் தூங்கி எழுந்தார். பன்னிரண்டாம் நாள் அதையும் தூக்கிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழன் பெட்டியும் வயரும் குழாயுமாக பஸ்ஸில் போவது, உரலுக்குள் தலையைக் கொடுக்கிற காரியம். ஓர் இராணுவச் சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். மெஷினின் ஆணியெல்லாம் கழன்றது. பஸ் போய்விட்டது. அந்தி வரைக்கும் வெயிலில் குந்த வைத்து, யார் யாரோ வந்து பார்த்து, கடைசியில் "போ" என்றார்கள். துண்டு துண்டாய்க் கிடந்ததை மாற்றுச் சாரத்தில் முடிந்துகொண்டு வந்து, வீட்டு மேசையில் வைத்துப் பொருத்திப் பூட்டினார். அது திரும்ப ஓடியது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை பஸ்ஸேற அவருக்குக் கால் வரவில்லை.

மெஷின் இல்லாமல் படுத்தால் உயிர் நிச்சயமில்லை. மெஷினோடு போனால் வீடு திரும்புவது நிச்சயமில்லை. போகாவிட்டால் தொழில் இல்லை. ராஜரத்தினம் பயந்துபோனார் என்பதைத் தவிர இதில் சொல்ல வேறொன்றுமில்லை.

கட்டுக்கலையில் மருத்துவச் சாமான் கடை வைத்திருக்கும் ஹபீல் மூன்று மெஷின்களை மேசையில் பரப்பினார். ஒன்று பழைய பெரியதன் தம்பி. ஒன்று நடுத்தரம். மூன்றாவது அரை இறாத்தல் பாண் ரொட்டி அளவு, பிரயாணக்காரர்களுக்கென்றே வந்தது. ராஜரத்தினம் விலை கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து வளைத்துப் பலகையில் கட்டினார். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது என்று, ஹபீல் தனக்கு வருவித்து வைத்திருந்த பிளேன்டீயை அதற்குள் ஊற்றினார்.

"அது நான் குடிக்க வச்சது பாஸ்."

"கொஞ்சம் பொறுங்க மொதலாளி. குடிக்கிறதுக்கு வேற போடலாம்."

மூன்றையும் ஒவ்வொன்றாகப் பூட்டி ஓடவிட்டார். மூன்றிலும் தேநீர் ஒன்பதில் ஏறி நின்றது. பாண் துண்டும் சளைக்கவில்லை. ஸ்குருட்ரைவரை அதன் முதுகில் வைத்துக் கேட்டார். "மூர்த்தி சிறுசு, கீர்த்தி பெருசு!" அத்தோடு விடவில்லை. மெஷின், குழாய், மாஸ்க் மூன்றையும் பையிலிருந்து எடுத்து, விரித்துக் காட்டி, திரும்ப அடுக்கி ஸிப்பை இழுத்துப் பார்த்தார். இப்படி நாலைந்து தடவை. ஹபீல் மேசையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இந்த ஒத்திகை யாருக்காக என்று கண்டியில் தமிழ் பேசுகிற எவருக்கும் விளக்கத் தேவையில்லை. "ஒரு கிழமை பாவிச்சுப் பாருங்க. சரிவராட்டி கொண்டு வாங்க" என்று கொடுத்தனுப்பினார்.

சரிவரவில்லை. முதல் நாள் காலையில் தலையைச் சம்மட்டியால் அடித்தது போல வலி. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வாந்தி வருகிற மாதிரி இருந்தது. குறட்டை என்னவோ இல்லை, மெஷினும் பூனைக்குட்டி போலச் சத்தமில்லாமல்தான் ஓடியது. "சின்னது சின்னதுதான்" என்று பரிமளத்திடம் கசந்துகொண்டார். ஐந்தாம் நாள் கருவிப்பையைத் துடைத்து அலுமாரியின் மேல் தூக்கி வைத்தார். மடுல்கெல்லத் துரைக்கு டாக்டரின் கடிதத்தை அனுப்பி, வந்து வேலையை முடித்துக் கொடுங்கள் என்று பதிலும் வாங்கியிருந்தார்; இனி வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பத்தான் வேண்டும். பரிமளம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முப்பது வருஷம் ஊர் சுற்றிய மனிதர் கதிரையில் குந்தியிருப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

மெஷினைத் திருப்பிக் கொடுக்க இருவருமாகக் கடைக்குப் போனார்கள். ஹபீல் சாமானெல்லாம் சரியா என்று பார்க்க மாஸ்க்கைக் கையில் எடுத்தார். எடுத்தவர் வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக்கு நேரே முன்பக்கத்தில் வரிசையாக இருக்க வேண்டிய குட்டித் துளைகள் எதையும் காணவில்லை. அவற்றின்மேல் கறுப்பு டேப், நகத்தால் தேய்த்து, விளிம்பு பிசிராமல், அழகாக ஒட்டியிருந்தது.

"இது எனத்த பாஸ் செஞ்சிருக்கீங்க?"

"அதுவா? கம்பெனியில கவனிக்காம விட்டுட்டாங்க போல. காத்து கசிஞ்சுச்சு. எறக வச்சுப் பார்த்தேன், அப்படியே பறக்குது. அதான் அடைச்சேன்." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இரவல் மெஷினில் அதே துளைகளைக் கண்டபோது கை துறுதுறுத்ததாகவும், ஆஸ்பத்திரிச் சாமானில் கைவைக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டதாகவும் சொன்னார்.

"அல்லாவே! அந்த ஓட்ட இரிக்கத்தான் வேணும் பாஸ். நீங்க விட்ட மூச்சு பொறகு எங்கால போறது? விட்டதையே திரும்பத் திரும்ப இழுத்தா தல வலிக்காம எனத்த செய்யும்?"

ராஜரத்தினம் மாஸ்க்கை வாங்கி டேப்பைத் தடவிப் பார்த்தார். வாட்டுமாடியின் ஜன்னல்களைச் சாத்தி வைக்கிற டீமேக்கர்களை அவர் திட்டாத திட்டில்லை. ஈரக்காற்று வெளியேற வழி விடாவிட்டால் கொழுந்து அவிந்துபோகும் என்று கலஹாவிலிருந்து பதுளை வரைக்கும் பாடம் எடுத்தவர். காதுவரைக்கும் சிவந்துபோனார். அசடு வழிந்தது.

"மாடி ஜன்னல நானே சாத்திட்டேனே" என்றார், மெதுவாக.

முதலில் சிரித்தது பரிமளம்தான். சிரிப்பு அழுகையாகி, திரும்பச் சிரிப்பாகி, கடைக்கு மருந்துக் கட்டு வாங்க வந்த ஒரு சிங்கள மாது ஒன்றும் புரியாமலே கூடச் சிரித்தார். ராஜரத்தினம் டேப்பை உரித்தார். மாஸ்க்கை மெஷினில் பூட்டி, துளைகளுக்கு முன்னால் இறகைப் பிடித்தார். அது ஆடியது. அவருடைய வாழ்க்கையில் ஒரு கசிவைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் தடவை அது. மறுநாள் காலை தலைவலி இல்லை. அலுமாரியின் மேலிருந்த கருவிப்பை கீழே இறங்கியது.

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம் மடுல்கெல்ல பஸ்ஸில் புறப்பட்டார். வழியில் சாவடி. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையும் கையுமாக வரிசையில் நடந்தார்கள். மணல்மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற சிப்பாய்க்கு இருபத்திரண்டு வயதுக்கு மேலிராது. அட்டையில் பெயரைப் பார்த்தான், பையைப் பார்த்தான். "மேக்க மொகக்த?"

இது என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்ல ராஜரத்தினத்துக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கை மட்டும் தன் வேலையைச் செய்தது. ஸிப்பை இழுத்து மூன்று சாமானையும் மூட்டை மேல் விரித்தது. அதன் பிறகே வாய் திறந்தது. தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிற வருத்தம், அதற்கான மெஷின் என்று சொன்னார். சிப்பாய் நம்பவில்லை. போட்டுக் காட்டச் சொன்னான்.

பிளக் வேண்டுமே என்றார். சிப்பாய் காவற்கூட்டுக்குள் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் பிடுங்கிவிட்டு இடம் காட்டினான். சொந்த மைத்துனனுக்கும் காட்டாத கோலத்தில், ஒரு பஸ் ஜனம் பார்த்திருக்க, ராஜரத்தினம் மாஸ்க்கை மூக்கில் மாட்டி வாரை இழுத்துக்கொண்டார். மெஷின் மெல்ல இரைந்தது. ஐந்து மூச்சு விட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. வரிசையில் ஒரு சிங்களத் தாய், "அனே பவ்" என்று பரிதாபப்பட்டாள்.

கழற்றச் சொன்னான் சிப்பாய். மாஸ்க்கை விலக்கிவிட்டு, வெறுங்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வெறும் காற்றுத்தான். சந்தேகம் தீர்ந்து, போகலாம் என்று தலையை அசைத்தான். ஆனால் அவன் நகரவில்லை. இரும்புத் தொப்பியின் வாரைத் தளர்த்தி, வியர்வை வழிகிற முகத்தைக் குனிந்து அந்தக் காற்றுக்குக் காட்டினான்.

பஸ் ஹோர்ன் அடித்தது. கண்டக்டர் கையைக் காட்டிக் கத்தினான். பிளக்கைப் பிடுங்கப் போன ராஜரத்தினம் கையை இழுத்துக்கொண்டார். குழாயைக் கொஞ்சம் நகர்த்தி, அந்தப் பையனின் மற்றக் கன்னத்துக்கும் பிடித்தார்.