விரல் வைத்த வரி

தினமும் காலையில் நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு ரோஜாப்பூ அனுப்புவார். பூவுக்குக் கீழே ஒரே ஒரு வேத வசனம். இன்றைக்கு அதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. என் மார்பில் எடுத்த சதை டெஸ்டுக்குப் போயிருக்கிறது, நாளைக்கு ரிசல்ட். ஒற்றை வரி என்றாலே எனக்கு உதறல். அது பழைய உதறல்.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த புதிது. வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடை. பகலெல்லாம் மை வாசனை. வீட்டுக்கு வந்தால் எங்கள் பைபிளின் ரெக்சின் உறை வாசனை, அதற்குள்ளே, ஈஸ்டருக்கு முன் கோயிலில் கொடுத்த குருத்தோலை காய்ந்த வாசனை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. கோயிலில் ஆறு மணி அடித்ததும் வேர்க்கடலை உரித்துக்கொண்டே, "படிடி" என்பாள். அவசரமாகப் படித்தால் திட்டு விழும்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பழக்கம். எதையாவது முடிவு செய்ய வேண்டுமென்றால் கண்ணை மூடி, ஜெபம் சொல்லி, பைபிளை விரித்து விரலை வைப்பார்கள். விரல் பட்ட வரிதான் ஆண்டவர் பதில். ஃபாதர் பூசையில் சத்தம் போட்டுப் பார்த்தார், யார் கேட்டது? நானும் பெரிய விரல்காரிதான். தோழி கல்யாணத்துக்கு மஞ்சள் புடவையா பச்சையா என்று விரல் வைத்தேன். எந்தக் குலத்தில் எத்தனை ஆண்கள் என்று நீளமாக ஒரு பட்டியல் வந்தது. பச்சையையே கட்டிக்கொண்டு போனேன்.

அந்த வருஷம்தான் அம்மாவுக்கு மார்பில் கட்டி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரத்தில் விரல் வைத்தேன். நோயில் கிடந்த ஓர் அரசனுக்கு ஆண்டவரிடமிருந்து வந்த செய்தி அது: வீட்டுக் காரியங்களை முடித்துக்கொள், நீ பிழைக்கப் போவதில்லை.

படக்கென்று மூடினேன். சாயங்காலம் வேறெங்கோ நாலு வரி படித்துவிட்டுத் தலைவலி என்றேன். மறுநாளும் அதே தலைவலி. அம்மா இருமினால் எழுந்து நிற்பேன். கடையில் ஒருத்தர் கேட்ட ஒரு காப்பிக்குப் பதினொன்று எடுத்துக் கொடுத்தேன். ஜெபம்கூட வாயில் வரவில்லை. முடிவு சொல்லிவிட்டவரிடம் இன்னும் என்னத்தைக் கேட்பது?

நாலாம் நாள் அம்மா கடலை முறத்தை நகர்த்தி வைத்தாள்.

"இன்னாடி மறைக்கிற? மூஞ்சே சரியில்ல. வெரல் வெச்சியா?"

ஓவென்று அழுதுவிட்டேன். அந்தப் பக்கத்தை எடுத்து, அந்த வரியைப் படித்தேன். அம்மா கையை முந்தானையில் சுருட்டி மறைத்துக்கொண்டாள்.

"நிறுத்தாத. மேல படி."

"வேணாம்மா."

"அந்த ராஜா செத்தாரா பொழைச்சாரா? தெரிய வேணாமா? படிடி."

படித்தேன். அரசன் சுவர்ப் பக்கம் திரும்பி அழுகிறான், ஆண்டவரிடம் கேட்கிறான். செய்தி சொன்னவர் அரண்மனை முற்றத்தைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்து, இன்னும் சில வருஷம் கொடுத்தாயிற்று என்கிறார். எல்லாம் அடுத்த சில வரிகளிலேயே இருக்கிறது. நான் பாவி நாலு நாள் செத்துப் பிழைத்திருக்கிறேன்!

"அவுரு அழுது கேட்டுக்கினாரு. நீ வாய மூடிக்கினு கீறியேடி" என்றாள். அப்புறம் அவளும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் தலை நிமிராமல் கடலை உரித்தேன்.

ரிசல்ட் நல்லதாக வரவில்லை. ஆபரேஷன், ஊசி, முடியெல்லாம் கொட்டியது. அந்தப் பயத்தோடுதான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம், தினம் ஓர் அதிகாரம், எதையும் தாண்டாமல். குலக் கணக்கு வந்தபோது அம்மா தூங்கிவிட்டாள். எழுப்பி மறுபடியும் படித்தேன். அதுவரைக்கும் எனக்கு அது குறி சொல்கிற புத்தகம். படிக்கப் படிக்கத்தான் பார்த்தேன், பயந்தவர்கள் அதில் எத்தனை பேர்! எனக்கும் பயமாயிருக்கிறது என்று ஆண்டவரிடம் சொல்ல அதற்கப்புறம்தான் வாய் வந்தது. அம்மா ஒன்பது வருஷம் இருந்தாள். இரண்டு சுற்று முடித்து, மூன்றாம் சுற்றில் பாதி.

அந்தப் பாதியை நான் தாண்டவே இல்லை. அவள் போனபின் ரோஜாப்பூ வசனத்தோடு சரி, மறுபடியும் ஒற்றை வரிக்கே வந்துவிட்டேன்.

இன்று சாயங்காலம் விரல் துறுதுறுத்தது. கையைக் கட்டிக்கொண்டேன். ரெக்சின் உறை எப்போதோ கிழிந்து போய்விட்டது, அடையாளத்துக்கு வைத்த குருத்தோலை மட்டும் இருக்கிறது. நாங்கள் விட்ட அந்த இடத்தில் திறந்து சத்தமாகப் படித்தேன். இரண்டு வரியில் நிறுத்தினேன். பழக்க தோஷம், கொஞ்ச நேரம் காத்திருந்தேன். "மேல படி" என்று சொல்ல ஆளில்லை.