சைனாக்கா கேட்ட முதல் சொல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு சைனாக்கா என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம், மூக்கும் முழியுமாக நம்மவள்தான். கணவர் சீனாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த ஒன்பது வருடமும் கூடவே இருந்துவிட்டு வந்து, பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தாள். வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், தொலைந்துபோன தண்ணீர் பாட்டில் எல்லாம் அவள் இலாகா.

அவளுடைய சீன மொழி வகுப்பில் படித்ததல்ல. லிஃப்டிலும் காய்கறிக் கடையிலும் பொறுக்கியது. "இத்தனை வருஷம் இருந்து என்னத்த கொண்டுவந்த?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் பெட்டியைத் திறந்து காட்டுவாள். பெட்டியில் அடங்காத ஏதோ ஒன்று கூடவே வந்திருந்தது. அதை யாரிடமாவது கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

சமூக அறிவியல் புத்தகத்தில் சீனாவுக்கு ஒன்றரைப் பக்கம். பெருஞ்சுவர், மக்கள் தொகை, முடிந்தது கதை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கொடுத்தால், வீடியோ காலில் அங்கே இருக்கிற மனிதர்களையே பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டாள். "ஒரு தடவை பார்ப்போம். சரியா வரலேன்னா கணக்குக்குக் கொடுத்துடுவேன்" என்றார் அவர். கணக்கு வாத்தியார் ஏற்கெனவே அந்தப் பீரியடுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். "சைனா ஐட்டமாச்சே, கேரண்டி உண்டா?" என்று கிண்டல் வேறு.

தலைமை ஆசிரியை மரியாதை விஷயத்தில் நெருப்பு. ஆறாம் வகுப்புப் பொடிசுகளைக்கூட "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். மைதானத்தில் "நீ அவுட்டு" என்று கத்தியவனை நிறுத்தி "நீங்க அவுட்டு" என்று சொல்ல வைத்தவர். அந்த வெள்ளிக்கிழமை அவரே கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

திரையில் வந்தவள் அவளுடைய பழைய பக்கத்து வீட்டுக்காரி. இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். வாசலில் வரிசையாக வீட்டுச் செருப்புகள், மேசையில் வெந்நீர் ஃபிளாஸ்க், கண்ணாடி அடைத்த பால்கனியில் காயும் துணி. ஜன்னலுக்கு வெளியே கட்டடங்கள் போய்க்கொண்டே இருந்தன. இந்த ஒரு கட்டடத்தில் மட்டும் எண்ணூறு பேர் என்று அவள் சொன்னதை சைனாக்கா மொழிபெயர்த்தபோது, "நம்ம ஸ்கூல் மொத்தமும் ஒரே வீடா!" என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள்.

"பொம்பளைங்க பஸ் ஓட்டுவாங்களா?" என்று கேட்டான் ஒருவன்.

பதில் உடனே வந்தது. சைனாக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பின்ன, பஸ் தானாவா ஓடுச்சுன்னு கேக்குறாங்க."

அப்போது திரையில், வீட்டுக்குள்ளிருந்து பஸ்காரியின் மகள் "மாமா!" என்று கூப்பிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"அங்க மாமான்னா அம்மா. காதுக்குத் தமிழ் மாதிரி இருக்கும், அர்த்தம் வேற. காதை நம்பாதீங்க" என்றாள் சைனாக்கா.

நன்றி சொல்வதற்காகத் தலைமை ஆசிரியை எழுந்து வந்தார். பஸ்காரி வாயெல்லாம் பல்லாகக் கை அசைத்து, "நீ ஹாவ்!" என்று வணக்கம் சொன்னாள். அதோடு நிற்காமல் நீ, நீ என்று ஏதோ அடுக்கினாள்.

அவர் முகம் சுருங்கியது. "எடுத்த எடுப்புலேயே 'நீ'ங்கிறாங்க? அதுவும் வேற அர்த்தம்தானே?"

'ஆமாம்' என்று ஒரு பொய் சொன்னால் பீரியட் பிழைத்துவிடும். கணக்கு வாத்தியாரின் சிரிப்பு கண் முன்னால் வந்து போனது. ஆனால் பிள்ளைகள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல மேடம்" என்றாள். "இது மட்டும் அதேதான். அங்கயும் நீன்னா நீதான்."

அவர் ஏதும் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நான் போன அன்னிக்கு ஒரு சொல்லும் தெரியாது மேடம். லிஃப்டுல இவங்க என்னைப் பாத்து எந்த மாடின்னு கேட்டாங்க. 'நீ ஜி லோ?' எனக்கு 'நீ' மட்டும் புரிஞ்சுது. அத்தனை பெரிய ஊர்ல என்னை நீன்னு கூப்பிட ஒரு ஆள் இருக்கேன்னு அங்கயே அழுதுட்டேன்."

திரையில் பஸ்காரி என்ன ஆயிற்று என்று கேட்டாள். சைனாக்கா சொல்லவும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நாற்காலியை விட்டு எழுந்தாள், சட்டைக் காலரைச் சரிசெய்தாள், தலையைத் தாழ்த்தி, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "நீன் ஹாவ்."

"அது மரியாதைக்கு" என்றாள் சைனாக்கா.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் துள்ளி எழுந்தாள். "மிஸ்! அவங்களுக்கு நீ, நீன். நமக்கு நீ, நீங்க!"

சைனாக்காவும் அதை ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். ஒன்பது வருடம் இரண்டையும் பேசியிருக்கிறாள், இப்படிச் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை. தற்செயல் என்று படித்தவர்கள் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த அறையில் நாற்பது பிள்ளைகள் அந்த இரண்டு ஜோடிச் சொற்களையும் மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைமை ஆசிரியை திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது.

"எங்கம்மா போனதுக்கப்புறம் என்னை யாரும் 'நீ'ன்னு கூப்பிட்டதில்ல" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு சைனாக்கா பக்கம் திரும்பினார். "அடுத்த வெள்ளிக்கிழமையும் அவங்க வரட்டும். அந்த 'நீன்' எல்லாம் வேணாம். 'நீ'ன்னே கூப்பிடச் சொல்லுங்க."